ஜெர்மானிஸ்டிக் படிக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

ஜெர்மன் மொழியையும் இலக்கியத்தையும் பண்பாட்டையும் படிக்கும் பல்கலைக்கழகத் துறைக்கு ஜெர்மானிஸ்டிக் என்று பெயர். அது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊர் மட்டும் தந்திருக்கிறோம்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் பி1 (ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிநிலைகளில் மூன்றாவது) தேறியிருக்கிறாள். ஜெர்மனிக்கே போய் ஜெர்மன் இலக்கியத்தில் பி.ஏ. சேர வேண்டும் என்கிறாள். இப்போதே அனுப்பலாமா? (வாசகி, திருச்சி)

இப்போது வேண்டாம் அம்மா. இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் காட்டி ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்வது பொதுவாக முடியாது. அங்கீகாரம் பெற்ற இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதே துறையில் குறைந்தது ஓராண்டு தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால், 'ஷ்டூடியன்கொலெக்' என்ற ஆயத்த வகுப்பில் இரண்டு செமஸ்டர் படித்துத் தேர்வெழுத வேண்டியிருக்கும். அங்கே பலர் பிரிவு மாறி விண்ணப்பித்துவிடுகிறார்கள். மொழிப் படிப்புகளுக்கு 'எஸ்' பிரிவு என்று இருக்கும். ஆனால் ஜெர்மானிஸ்டிக் 'ஜி' பிரிவில் வருகிறது.

விதியைக் காட்டிலும் பெரிய தடை மொழி. ஜெர்மனியில் ஜெர்மானிஸ்டிக் வகுப்பு ஜெர்மன் கற்றுத்தரும் வகுப்பு அல்ல. நம்மூர்க் கல்லூரியில் தமிழ் இலக்கியம் எடுப்பவர்களைப் போல, தாய்மொழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் உட்காரும் வகுப்பு அது. பி1 தேர்ச்சியோடு அங்கே போனால் விரிவுரையில் பாதி காதில் விழாது. விழுந்த பாதியைக் குறிப்பெடுக்க நேரம் இருக்காது.

இங்கே பி.ஏ., அங்கே எம்.ஏ. என்பதுதான் எங்கள் யோசனை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் ஜெர்மன் இருக்கிறது. க்யூட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. ஹைதராபாத் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம், புனே ஆகிய இடங்களிலும் ஜெர்மன் துறைகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. பி.ஏ. முதலாண்டு பெரும்பாலும் எழுத்தறிமுகத்திலிருந்து தொடங்கும் என்பதால் உங்கள் மகளுக்கு அந்த ஆண்டு மெதுவாகத் தெரியும். அந்த நேரத்தில் அவர் தனியாக பி2 முடித்துவிட்டால், இரண்டாமாண்டு இலக்கியத் தாள்கள் வரும்போது மற்றவர்கள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க, இவர் நூலைப் படித்துக்கொண்டிருப்பார்.

ஜெர்மானிஸ்டிக் என்றால் கோதே, ஷில்லர் படிப்பதுதானே? (வாசகர், கோவை)

அது மூன்றில் ஒரு பங்கு. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையை வழக்கமாக மூன்றாகப் பிரித்து நடத்துகின்றன: புதிய இலக்கியம், பழைய இலக்கியம், மொழியியல். பி.ஏ.வில் மூன்றையும் தொட்டாக வேண்டும், எம்.ஏ.வில் ஒன்றில் ஆழப்போகலாம்.

வெளிநாட்டு மாணவர்கள் தடுமாறுவது நடுவில் இருக்கும் பழைய இலக்கியத்தில். ஏறத்தாழ 1050 முதல் 1350 வரை எழுதப்பட்ட மொழிக்கு 'மிட்டல்ஹோக்டாய்ச்' என்று பெயர். 1200ஐ ஒட்டித் தோன்றிய 'நீபெலுங்கன்லீட்' காப்பியம் இந்த மொழியில்தான் இருக்கிறது. சி1 தேறியவருக்கும் முதல் பக்கம் அந்நியமாகவே இருக்கும். ஆனால் இதற்கு விதிகள் உண்டு. அன்றைய நெடில்கள் பிறகு இரட்டை உயிராக (ஐ, ஔ போல) உடைந்தன. இதை நினைவில் வைக்க வகுப்பில் ஒரு தொடர் சொல்லித்தருவார்கள்: அன்று 'மீன் ந்யூவெஸ் ஹூஸ்', இன்று 'மைன் நோயெஸ் ஹவுஸ்'. இதற்கு நேரெதிராகப் பழைய இரட்டை உயிர்கள் நெடிலாயின: 'லிஎபெ குஓட்டெ ப்ரூஎடர்' இன்று 'லீபெ கூட்டெ ப்ரூடர்'. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தால் முக்கால்வாசிச் சொற்கள் தாமாக முகம் காட்டும்.

பிறகு வரும் ஆபத்து, முகம் தெரிந்த சொல்லின் பொருளும் தெரியும் என்று நம்புவது. இன்று திருமணத்தைக் குறிக்கும் சொல் அன்று எந்தப் பெருவிழாவுக்கும் பொருந்தியது. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் தெரியாத சொல்லால் அல்ல, இப்படித் தெரிந்த சொல்லால்தான். ஆகவே எளிதாகத் தோன்றும் சொல்லையும் மிட்டல்ஹோக்டாய்ச்சுக்கான லெக்ஸர் அகராதியில் பாருங்கள். ட்ரியர் பல்கலைக்கழகத்தின் அகராதித் தளத்தில் அது இலவசம். கிரிம் சகோதரர்கள் தொடங்கிய பெரிய ஜெர்மன் அகராதியும் அங்கேயே இருக்கிறது. முதல் தொகுதி வந்தது 1854இல், முடிந்தது 1961இல்.

மொழியியல் பகுதியை எம்.ஏ.வுக்கு எடுக்க நினைப்பவர்கள் ஒலியியலையும் தொடரியலையும் முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது நல்லது. சில எம்.ஏ. படிப்புகள் லத்தீனோ இரண்டாவது அயல்மொழியோ கேட்கும். சேர்க்கை விதிகளில் கடைசிப் பத்தியில் இருக்கும் இந்த வரியைக் கவனிக்காமல் விண்ணப்பித்து நிராகரிக்கப்படுபவர்கள் உண்டு.

தமிழ் வழியில் படித்தவன் நான். ஆங்கிலம் சுமார். ஜெர்மன் படிப்பது எனக்கு இரட்டைப் பாரமாகுமா? (மாணவர், விருதுநகர்)

ஆகாது. பல இடங்களில் தமிழ்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாமல் இருந்தால் போதும்.

ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கும். 'நான் இன்று சென்னைக்குப் போவதால்' என்று நாம் சொல்லும் அதே வரிசை. அடுத்தது இன்னும் முக்கியம். ஆய்வுக்கட்டுரை ஜெர்மன் நிறைய இடங்களில் பெயருக்கு முன்னால் ஒரு நீண்ட எச்சத் தொடரை அடுக்கும். '1815இல் வியன்னாவில் கையெழுத்தான அந்த ஆவணம்' என்பதை ஜெர்மனிலும் ஆண்டு, ஊர், கையெழுத்தான, ஆவணம் என்ற இதே வரிசையில்தான் எழுதுவார்கள். ஒரே வேறுபாடு, 'அந்த' என்பதற்குரிய சுட்டு முன்னாலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் யோசிப்பவர் அந்தச் சுட்டுக்கும் பெயருக்கும் நடுவே தொலைந்துபோவார். நமக்கோ அது பெயரெச்சம்.

பிழை வருவது தலைமை வாக்கியத்தில். அங்கே வினை இரண்டாமிடத்தில் நின்றே தீர வேண்டும். 'இன்று' என்று தொடங்கினால் அடுத்து வினை, அதன் பிறகுதான் 'நான்'. தமிழ் மாணவர்கள் 'ஹொய்ட்டெ இஷ் கேஹெ' என்று எழுதுவார்கள். சரி 'ஹொய்ட்டெ கேஹெ இஷ்'. எழுதி முடித்ததும் ஒவ்வொரு தலைமை வாக்கியத்திலும் வினைக்கு அடிக்கோடிட்டு, அதற்கு முன்னால் ஒரே ஒரு உறுப்பு இருக்கிறதா என்று சரிபார்க்கும் பழக்கத்தை ஏ2விலேயே தொடங்கிவிடுங்கள்.

பெயர்ச்சொல்லுக்கு டெர், டீ, டாஸ் என்ற மூன்று பால் சுட்டுகளில் எது என்பதற்குத் தமிழில் உதவி இல்லை. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் சுட்டோடும் பன்மையோடும் சேர்த்தே படிக்க வேண்டும். ஈறுகளில் சில நம்பிக்கையானவை: உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்று முடிந்தால் டீ, ஹென், லைன் என்ற குறுமை ஈறுகளுக்கு டாஸ், இஸ்முஸ் என்றால் டெர். பல்கலைக்கழகப் பாடங்களில் வரும் கருத்துப் பெயர்களில் நிறைய இவற்றில் அடங்கிவிடும்.

உச்சரிப்பில் குறில் நெடில் நமக்குச் சொத்து. 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. இந்த வேறுபாட்டை நம் காது உடனே பிடிக்கும். இடறுவது வல்லின ஒலிப்பில். நம் எழுத்தில் 'க' ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. ஜெர்மனில் தோட்டம் (Garten), சீட்டுகள் (Karten) என்ற சொற்கள் அந்த முதல் ஒலியால் மட்டுமே வேறுபடுகின்றன. அதனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துப் படிக்காதீர்கள். (இந்தப் பக்கத்தில் நாங்கள் அப்படி எழுதுவது அச்சு வசதிக்காக மட்டுமே.) ஜெர்மன் 't' ஒலிக்கு நாக்கை 'ட' போல மடிக்கவும் கூடாது, 'த' போலப் பல்லில் வைக்கவும் கூடாது; மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஈறில் வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் 'காற்று' என்னும்போது ற்ற எங்கே பிறக்கிறதோ ஏறத்தாழ அந்த இடம். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் அதோடு ஒரு மூச்சும் வெளிவர வேண்டும். புள்ளி வைத்த 'உ'வுக்கு, உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து நாக்கை 'ஈ'யில் வையுங்கள். புள்ளி வைத்த 'ஓ'வுக்கு உதடு 'ஓ', நாக்கு 'ஏ'.

எம்.ஏ.வுக்கு எந்தச் சான்றிதழ்? பி2 முடித்திருக்கிறேன். எத்தனை மாதம் ஆகும்? (வாசகி, புதுச்சேரி)

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் நடத்தும் டி.எஸ்.எச். மொழித் தேர்வில் நிலை 2, அல்லது டெஸ்ட்டாஃப் மொழித் தேர்வில் நான்கு பகுதியிலும் நிலை 4, அல்லது டெல்க் சி1 ஹோக்ஷூலெ, அல்லது கோதே நிறுவனத்தின் (மாக்ஸ்முல்லர் பவனின்) சி2. இவை பரவலாக ஏற்கப்படுகின்றன. கோதே சி1 சான்றிதழை சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது. பணம் கட்டும் முன் நீங்கள் சேர விரும்பும் இடத்தின் பட்டியலைப் பாருங்கள். டி.எஸ்.எச். தேர்வில் 67 விழுக்காடு எடுத்தால் நிலை 2, 82 எடுத்தால் நிலை 3. சில ஜெர்மானிஸ்டிக் படிப்புகள் மற்ற துறைகளைவிடக் கூடுதல் நிலை கேட்கும்.

கோதே நிறுவனம் சொல்லும் கணக்கு 45 நிமிடப் பாட அலகுகளில்: பி2 வரை 600 முதல் 800, சி1 வரை 800 முதல் 1,000. வாரம் எட்டு அலகு படிப்பவருக்கு இடைப்பட்ட 200 அலகு என்றால் ஆறு மாதம். இது வகுப்பு நேரம் மட்டுமே. டெஸ்ட்டாஃபில் நம் மாணவர்களை இழுத்துவிடுவது பெரும்பாலும் இலக்கணம் அல்ல, நேரம். ஒரு வரைபடத்தையோ உரையையோ சுருக்கி, கருத்துச் சொல்லிக் கட்டமைப்போடு எழுத வேண்டும். கடிகாரம் வைத்து, அகராதி இல்லாமல், வாரம் இரண்டு கட்டுரை எழுதி ஒருவரிடம் திருத்தம் வாங்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள்.

லைப்சிக்கில் எம்.ஏ. முதல் செமஸ்டர் முடியப்போகிறது. ஹவுஸார்பைட் என்ற கருத்தரங்குக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். இந்தியாவில் மூன்று மணிநேரத் தேர்வுதான் எழுதியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? (மாணவி, லைப்சிக்)

மொத்தப் படிப்பின் உயிர்நாடி இதுதான். ஜெர்மானிஸ்டிக்கில் உங்கள் மதிப்பெண்ணின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது இந்தக் கட்டுரைகளே. தொடக்கநிலைக் கருத்தரங்குக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம், மேல்நிலைக்கு 15 முதல் 20 பக்கம், 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி என்பது பொதுவான அளவு.

குளிர்கால செமஸ்டரில் விரிவுரைகள் பிப்ரவரி தொடக்கத்தில் முடியும். செமஸ்டர் மார்ச் 31 வரை இருக்கும். நடுவில் இருக்கும் வாரங்களுக்கு விடுமுறை என்று பெயர் இல்லை, 'விரிவுரை இல்லாக் காலம்' என்றுதான் பெயர். எழுதுவதற்கான காலம் அது. தலைப்பைக் கடைசி வகுப்புக்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்கு ஒரு பக்கக் குறிப்போடு போக வேண்டும்: உங்கள் கேள்வி, எந்த நூல், ஏற்கெனவே பார்த்த ஐந்தாறு ஆய்வுகள், தோராயமான பகுதிப் பிரிப்பு. 'சார், நீங்களே ஒரு தலைப்புச் சொல்லுங்கள்' என்று போனால், 'யோசித்துவிட்டு வாருங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். அதில் கோபம் எதுவும் இல்லை. தலைப்பைக் கண்டுபிடிப்பதே பயிற்சியின் பாதி.

'காஃப்காவும் நவீன சமூகமும்' 15 பக்கத்துக்குத் தாங்காது. 1915இல் வெளிவந்த 'உருமாற்றம்' கதையை எடுத்து, அறையின் கதவுகளை யார், எப்போது திறக்கிறார்கள், பூட்டுகிறார்கள், அதோடு குடும்பத்தின் அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்று கேட்டால் தாங்கும். நூலில் விரல் வைத்துக் காட்டக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும்.

நம் மாணவர்களின் முதல் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் குறைகளில் முதலாவது, ஆசிரியர் வாழ்க்கை வரலாற்றுக்கு மூன்று பக்கம். அதை முழுவதும் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, கதையைச் சொல்லிப்போவது. படிப்பவருக்குக் கதை தெரியும். ஒரு பத்தியில் கதைச் சம்பவம் வந்தால் அதே பத்தியில் அதைப் பற்றிய உங்கள் வாதமும் இருந்தாக வேண்டும். மூன்றாவது, பெரிய அறிஞர் சொன்னதை மேற்கோள் காட்டிவிட்டு நிறுத்திவிடுவது. அவரோடு எங்கே உடன்படுகிறீர்கள், எங்கே இல்லை என்று எழுதாவிட்டால் அங்கே நீங்களே இல்லை. மாற்றிச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். சான்றோடு மறுப்பதற்கு மதிப்பெண் உண்டு.

ஆய்வுகளைத் தேட பி.டி.எஸ்.எல். என்ற ஜெர்மன் மொழி இலக்கிய நூலடைவிலிருந்து தொடங்குங்கள். உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு ஊர் நூலகத்திலிருந்து ஒன்றரை யூரோவுக்கு வரவழைக்கலாம். வரச் சில வாரம் ஆகலாம் என்பதால் பிப்ரவரியிலேயே கேட்டுவிடுங்கள். மூலநூலுக்கு மஞ்சள் அட்டை ரெக்லாம் பதிப்பு படிக்கப் போதும். மேற்கோளுக்கு ஆய்வுப் பதிப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இறுதியில் 'இது என் சொந்தப் படைப்பு' என்ற உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதற்கான விதி துறைக்குத் துறை மாறுகிறது, கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

எங்கள் பிள்ளை சூரிச்சில் பிறந்தவன். வீட்டில் தமிழ், வெளியில் சுவிஸ் ஜெர்மன். ஜெர்மானிஸ்டிக் எடுத்தால் எழுத்து ஜெர்மன் அவனுக்குக் கஷ்டமாக இருக்குமோ? (வாசகர், சூரிச்)

பள்ளியில் எழுத்து ஜெர்மனில் படித்தவருக்கு அந்தக் கவலை வேண்டாம். பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்று வாழ்வது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதும் அல்ல. மொழியியலில் இரட்டைவழக்கு என்ற கருத்தை 1959இல் ஃபெர்குசன் விளக்கியபோது எடுத்துக்கொண்ட நான்கு சான்றுகளில் சுவிஸ் ஜெர்மனும் ஒன்று. பழைய இலக்கிய வகுப்பில் உங்கள் மகன் மற்றவர்களுக்கு முன்னால் இருப்பார். மேலே கோவை வாசகருக்குச் சொன்ன ஒலிமாற்றங்கள் சூரிச் பேச்சில் பெரும்பாலும் நடக்கவில்லை. 'ஹூஸ்' அங்கே இன்றும் 'ஹூஸ்'தான். ஜெர்மனியில் படிக்கப் போனால் ஒன்றை மட்டும் புதிதாகப் பழக வேண்டும்: சுவிட்சர்லாந்தில் புழங்காத 'எஸ்ஸெட்' எழுத்து. நெடிலுக்கும் இரட்டை உயிருக்கும் பின் எஸ்ஸெட், குறிலுக்குப் பின் இரட்டை எஸ்.

செலவும் காகிதங்களும் பற்றிச் சொல்லுங்கள். இலங்கையிலிருந்து விண்ணப்பிப்போருக்கும் இதே முறையா? (வாசகர்கள், சேலம், யாழ்ப்பாணம்)

இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். (கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஜெர்மன் அமைப்பு) சான்றிதழ் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். இலங்கை மாணவர்களுக்கு அது கிடையாது. (இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் பட்டப்படிப்பு உண்டு.) விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. இது கட்டணம் அல்ல, உங்கள் பணம். அங்கே போனபின் மாதந்தோறும் எடுத்துக்கொள்ளலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஹைடல்பெர்க், ட்யூபிங்கன், ஃப்ரைபுர்க் எல்லாம் அதில் அடக்கம். பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்தவற்றுக்கு 30. தொகைகள் அவ்வப்போது மாறும், கட்டும் நாளில் சரிபாருங்கள்.

மதிப்பெண் மாற்றத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். உச்ச மதிப்பெண் 100, தேர்ச்சி 40, நீங்கள் எடுத்தது 70 என்றால்: 100இல் 70 போக 30, 100இல் 40 போக 60, 30ஐ 60ஆல் வகுத்து மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் 2.5. எண் குறையக் குறைய நல்லது. பல எம்.ஏ. படிப்புகள் 2.5 என்று கோடு போடுகின்றன.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்ற நோட்டரி உறுதிமொழியை முன்பே வாங்கி வையுங்கள்.

ஜெர்மன் ஆசிரியராக வேண்டும் என்பதே என் ஆசை. ஜெர்மானிஸ்டிக் எடுக்கவா, வேறு ஏதாவதா? (வாசகி, மதுரை)

'டாஃப்' எடுங்கள். அயல்மொழியாக ஜெர்மன் கற்பிக்கும் துறைக்கு அந்தப் பெயர். லைப்சிக்கில் ஹெர்டர் நிறுவனம் இதில் பழம்பெரும் இடம். பாடத்திட்டம் அமைத்தல், தேர்வு வடிவமைத்தல், உச்சரிப்புத் திருத்தம், பிற மொழி பேசுவோரின் பிழைகளை ஆராய்தல் எல்லாம் இதில் வரும். ஊரிலேயே வேலையில் இருந்தபடி தகுதி சேர்க்க, கோதே நிறுவனத்தின் டி.எல்.எல். என்ற ஆசிரியர் பயிற்சித் தொடர் இருக்கிறது. செவிலியர்களுக்கு பி1, பி2 கற்பிக்க ஆசிரியர்கள் இப்போது நிறையத் தேவைப்படுகிறார்கள்; மருத்துவமனைச் சூழலின் ஜெர்மனை நீங்களும் கற்றிருந்தால் அந்த வேலைக்கு நேராகத் தகுதி பெறுவீர்கள்.

தமிழையும் ஜெர்மனையும் இணைத்து ஆய்வேடு எழுத இடம் இருக்கிறதா? (ஆய்வு மாணவர், நாகப்பட்டினம்)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. 1706இல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், ஹாலே நகரில் இருந்த ஃப்ராங்கெ அறநிலையத்தோடு தொடர்ந்து கடிதம் எழுதிவந்தார். அந்த அறிக்கைகள் 1710 முதல் ஹாலேயில் தொடராக அச்சாயின. தமிழர்கள் எழுதிய பதில்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் அவற்றில் உண்டு. தமிழ்க் கடவுளர் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த ஜெர்மன் நூல் 1867இல் சென்னையில்தான் முதன்முதலாக அச்சேறியது. கார்ல் கிரவுல் குறளை ஜெர்மனில் தந்தது லைப்சிக்கில், 1856இல். சமய விவாதத்தின் மொழிநடை, மொழிபெயர்ப்பாளர் விட்டதும் சேர்த்ததும், தமிழ்ச் சமூகத்தை ஜெர்மன் வாசகருக்கு எப்படிச் சொன்னார்கள் என்று கேள்விகள் நிறையக் காத்திருக்கின்றன. தமிழும் ஜெர்மனும் சேர்ந்து தெரிந்தவர்கள் குறைவு என்பதால் இந்தத் துறையில் உங்கள் தேவை உண்மையானது.

ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் இரண்டு ஆயத்தம். அட்டவணையில் 'தமிழ்' என்று தேடினால் பழைய ஆவணங்கள் அகப்படாது. அன்றைய வழக்கில் 'மலபாரிஷ்', 'டமூலிஷ்' என்று தேடுங்கள். கையெழுத்துகள் 'குர்ரெண்ட்' என்ற பழைய ஜெர்மன் எழுத்தில் இருக்கும், இன்றைய ஜெர்மானியரில் பெரும்பாலோருக்கே அது வாசிக்க வராது. தினம் அரைமணிநேரம் அந்த எழுத்தைக் கையால் எழுதிப் பழகுங்கள். எழுதிப் பார்த்த கைக்குத்தான் அதில் n, e, u ஆகிய எழுத்துகள் பிரிந்து தெரியும். கையெழுத்துப் படிகளை அச்சில் வந்த அதே பகுதியோடு ஒப்பிட்டுத் தொடங்கினால், முதல் சில வாரங்களில் நீங்கள் படித்தது சரியா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.